நான்கு கல்லுக்கும் கிரானைட் என்றே பெயரா?

தேவகோட்டையில் பூர்வீக வீட்டைப் பழுதுபார்த்து வரும் ஒருவர் கேட்டிருப்பது இது. வளவைச் சுற்றியுள்ள கல்தூண்களில் ஒன்றின் அடி உடைந்திருக்கிறது. உடைந்த இடம் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியதுபோல் மினுக்குகிறது. அடுப்படி மேடைக்காகக் காரைக்குடியில் கல் பார்க்கப் போன இடத்தில் முழுக் கறுப்புக் கல் ஒன்றையும், கறுப்பில் பொன்புள்ளி தெறித்த கேலக்ஸியையும், வெள்ளையில் சிவப்புப் புள்ளி விழுந்த காஷ்மீர் ஒயிட்டையும் காட்டி, மூன்றுமே கிரானைட் என்றிருக்கிறார்கள். வீட்டுக் கொத்தனாரோ தூணும் கிரானைட்தான் என்கிறார். ஒன்றுக்கொன்று சாயல்கூட இல்லாத இந்த நான்கும் எப்படி ஒரே கல்லாக இருக்க முடியும், நிலவியலில் இவற்றை எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்பது அவர் கேள்வி.

நிலவியலின் கணக்குப்படி, இந்த நான்கில் ஒன்றைக்கூடத் தயங்காமல் கிரானைட் என்று சொல்லிவிட முடியாது. கல் வணிகத்தில் கிரானைட் என்பது, அறுத்து மெருகேற்றினால் பளபளக்கும், மார்பிளோ சுண்ணாம்புக்கல்லோ அல்லாத எந்தக் கடினமான கல்லுக்கும் வழங்கும் பொதுப்பெயர். நம் ஊரில் கருங்கல் என்ற சொல்லும் ஏறக்குறைய அப்படித்தான் புழங்குகிறது. அதில் தவறொன்றும் இல்லை. கல்தச்சருக்கும் கடைக்காரருக்கும் வேண்டியது உளிக்கும் ரம்பத்துக்கும் கல் எப்படி நிற்கும் என்பதுதான். கோயில் சிற்பிகள் தட்டிப் பார்த்து, எழும் ஓசையைக் கொண்டு ஆண்கல், பெண்கல், அலிக்கல் என்று பிரித்ததும் அத்தகைய ஒரு பயன்பாட்டு வகைப்பாடே. நிலவியலின் வகைப்பாடு வேறொரு கேள்வியைக் கேட்கிறது: இந்தக் கல்லில் எந்தெந்தக் கனிமம், எந்தெந்த அளவில் இருக்கிறது? நிறத்துக்கு அதில் இடம் மிகக் குறைவு.

முதலில் பருமணி, அதாவது கண்ணுக்குத் தெரியும் பெரிய படிகங்கள் கொண்ட அமைப்பு, என்பதைப் பார்த்துவிடலாம். பூமிக்குள் உருகிய பாறைக்குழம்பு மேலே வந்து எரிமலையாகக் கொட்டினால் விரைவில் குளிர்ந்துவிடும். படிகங்கள் வளர நேரம் கிடைக்காது. கல் மணி தெரியாமல் நுண்ணியதாக இருக்கும். அதே குழம்பு மேலே வராமல், பல கிலோமீட்டர் ஆழத்தில் பழைய பாறைகளுக்குள் ஊடுருவி அங்கேயே தங்கிவிட்டால், மேலே கிடக்கும் பாறை போர்வையாகிச் சூட்டைக் காக்கும். பெரிய ஊடுருவல்கள் ஆறி முடிக்க லட்சக்கணக்கான ஆண்டுகள்கூட ஆகும். அந்த அவகாசத்தில் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்து, ஒன்றோடொன்று பல் பிடித்தாற்போல் கோத்துக்கொள்ளும். இப்படி ஆழத்தில் உருவான பாறைகளையே ஊடுருவிய பாறைகள் என்கிறோம். வேதியியலில் ஒன்றாகவே இருக்கும் குழம்பு, ஆழத்தில் உறைந்தால் கிரானைட் என்றும் வெளியே கொட்டி உறைந்தால் ரையோலைட் என்றும் பெயர் பெறும். அதே முறையில், கேப்ரோ என்ற கருநிற ஆழப்பாறையின் வெளியுருவம் பசால்ட். இரண்டுக்கும் நடுவே, சுவர்போல் செங்குத்தாக ஊடுருவி நடுத்தர மணியோடு உறைந்தது டோலரைட்.

எத்தனையோ கனிமங்கள் உண்டு என்றாலும், இந்தப் பாறைகளுக்குப் பெயர் வைக்கும் வேலையை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே செய்கின்றன. வெளிர்நிறப் பக்கத்தில் குவார்ட்ஸ், இருவகை ஃபெல்ஸ்பார், அரிதாக நெஃபலின். குவார்ட்ஸ் தனிச் சிலிக்கா, அதாவது சிலிக்கனும் ஆக்சிஜனும் மட்டும் சேர்ந்தது. உடைந்த கண்ணாடித் துண்டுபோல், சாம்பல் சாயலோடு, தட்டையான முகம் காட்டாமல் உடையும். ஃபெல்ஸ்பார் தட்டையான முகத்தோடு பிளக்கும். கல்லை வெயிலில் சாய்த்துத் திருப்பினால் சின்னக் கண்ணாடிபோல் பளிச்சென்று அடிக்கும். அதில் பொட்டாசியம் மிகுந்த ஆர்த்தோகிளேஸும் மைக்ரோகிளினும் காரஃபெல்ஸ்பார் என்ற ஒரு வகை. சோடியமும் கால்சியமும் வெவ்வேறு விகிதத்தில் கலந்தது பிளேஜியோகிளேஸ் என்ற மற்றொரு வகை. கருநிறப் பக்கத்தில் காக்காப்பொன் என்று நாம் சொல்லும் மைக்காவின் கறுப்பு வகையான பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட், பைராக்சீன், ஆலிவின் ஆகியவை. இவற்றில் இரும்பும் மக்னீசியமும் உண்டு. ஆகவே நிறமும் எடையும் கூடுதல்.

எது எதோடு சேரும் என்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கனடாவில் பிறந்த நார்மன் பவன், 1920களில் உலையில் உருக்கி ஆற்றிய சோதனைகளின் வழியே அதை விளக்கினார். குழம்பு ஆறும்போது முதலில் ஆலிவினும் கால்சியம் மிகுந்த பிளேஜியோகிளேஸும் படிகமாகும். பிறகு பைராக்சீன், ஹார்ன்பிளெண்ட், பயோட்டைட் என்று வரிசை இறங்கும். கடைசியில் மிஞ்சிய திரவத்திலிருந்து காரஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் உறையும். ஆகவே ஆலிவினும் குவார்ட்ஸும் கைகோத்து நிற்கும் சாதாரண ஊடுருவிய பாறையைக் காண்பது அரிது. இந்த வரிசையை எல்லாக் கிரானைட்டுக்கும் பிறப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேப்ரோக் குழம்பின் கடைசி மிச்சமாக அல்லாமல், கண்டத்தின் பழைய பாறைகளே மீண்டும் உருகி உண்டான கிரானைட்டுகள் ஏராளம்.

இனி வகைப்பாட்டின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். ஒரே கல்லை ஒரு நாட்டில் ஒரு பெயராலும் மறு நாட்டில் வேறு பெயராலும் அழைத்துவந்த குழப்பத்தை ஒழிக்க, சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஸ்ட்ரெக்கைசன் தலைமையில் பன்னாட்டு நிலவியல் ஒன்றியத்தின் குழு ஒன்று 1970களில் ஒரு முறையை நிலைநிறுத்தியது. குவார்ட்ஸுக்கு க்யூ, காரஃபெல்ஸ்பாருக்கு ஏ, பிளேஜியோகிளேஸுக்கு பி, நெஃபலின் குழுவுக்கு எஃப் என்ற எழுத்துகளைக் கூட்டி அதைக் க்யூஏபிஎஃப் வரைபடம் என்பார்கள். இரண்டு முக்கோணங்களை அடியோடு அடி ஒட்டினால் கிடைக்கும் வைர வடிவம் அது. மேல் உச்சி குவார்ட்ஸ், கீழ் உச்சி நெஃபலின் குழு, இடமும் வலமும் இரு ஃபெல்ஸ்பார்கள். கருநிறக் கனிமங்களைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, மிஞ்சிய வெளிர்நிறக் கனிமங்களை 100 ஆக்கி, புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். கருநிறக் கனிமங்கள் 90 சதவீதத்தைத் தொட்டுவிட்ட கல்லுக்கு இந்த வரைபடம் பொருந்தாது.

சொல்லிக்கொண்டே போனால் புரியாது என்பதால், வீட்டில் செய்து பார்த்த ஒன்றை எழுதுகிறேன். எங்கள் வீட்டுத் திண்ணையோரம் பதித்த இளஞ்சிவப்புக் கல் பருமணிக் கல். மணி ஒவ்வொன்றும் 4, 5 மில்லிமீட்டர் இருக்கும். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் 20 வரிசை, வரிசைக்கு 20 என 400 புள்ளிகள் வைத்து, கல்லை ஈரத்துணியால் துடைத்து, அதன்மேல் தாளைப் பரப்பினேன். புள்ளிகளின் இடைவெளி மணியின் அளவைவிடப் பெரிதாக இருப்பது முக்கியம். இல்லாவிட்டால் ஒரே மணியைத் திரும்பத் திரும்ப எண்ண நேரும். நான் கைலென்ஸை வைத்து ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் இருக்கும் கனிமத்தைச் சொல்ல, பேத்தி அதற்கு ஒரு புளியங்கொட்டையை அதற்குரிய கிண்ணத்தில் போட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. முடிவில் குவார்ட்ஸ் கிண்ணத்தில் 112, காரஃபெல்ஸ்பார் கிண்ணத்தில் 136, பிளேஜியோகிளேஸ் கிண்ணத்தில் 120, பயோட்டைட் கிண்ணத்தில் 28 கொட்டைகள். இன்னதென்று சொல்ல முடியாத கறுப்புத் துகள்களுக்கு 4.

பயோட்டைட்டையும் கறுப்புத் துகள்களையும் தள்ளினால் மிஞ்சுவது 368. அதில் குவார்ட்ஸ் 112 என்பது 30.4 சதவீதம். வரைபடத்தில் குவார்ட்ஸ் 20 முதல் 60 சதவீதம் வரை உள்ள பட்டையில் இது விழுகிறது. அடுத்து, குவார்ட்ஸையும் மறந்துவிட்டு ஃபெல்ஸ்பார்களை மட்டும் பார்க்க வேண்டும்: மொத்தம் 256, அதில் பிளேஜியோகிளேஸின் பங்கு 46.9 சதவீதம். இந்தப் பங்கு 10க்குக் கீழே இருந்திருந்தால் கல்லின் பெயர் காரஃபெல்ஸ்பார் கிரானைட். 10 முதல் 65 வரை கிரானைட். 65 முதல் 90 வரை கிரானோடயோரைட். 90க்கு மேல் டோனலைட். ஆகவே திண்ணைக் கல் எந்தச் சந்தேகமும் இல்லாத கிரானைட். கிரானைட்டின் உட்பிரிவைக் கேட்டால், 35க்கும் 65க்கும் இடையில் விழுவதால் மான்சோகிரானைட்.

எண்ணிக்கையில் தவறு நேராதா என்றால், நேரும். 400 புள்ளிகள் மட்டும் எண்ணினால், கிடைக்கும் சதவீதக் கணக்கு சாதாரணமாகவே இரண்டு, மூன்று சதவீதம் இப்படியும் அப்படியும் ஆடும். 30 ஆடினாலும் 20க்கு வராது என்பதால் பெயர் மாறவில்லை. 21 வந்திருந்தால் கிரானைட் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவு வந்திருக்காது. எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல் இரு ஃபெல்ஸ்பார்களையும் பிரித்தறிவது. காரஃபெல்ஸ்பார் பல கற்களில் இளஞ்சிவப்பாக இருக்கும் என்றாலும் வெள்ளையாகவும் இருக்கும். பிளேஜியோகிளேஸ் பெரும்பாலும் வெள்ளை. நிறத்தை நம்பாமல், பிளந்த முகத்தை லென்ஸில் பார்க்க வேண்டும்: பிளேஜியோகிளேஸில் சீப்பின் பல் பதிந்ததுபோல் நேர்நேரான மெல்லிய வரிகள் ஓடும்; காரஃபெல்ஸ்பாரில் அவை இருப்பதில்லை. ஆய்வகத்தில் கல்லை அமிலத்தால் அரித்துச் சாயமேற்றி, காரஃபெல்ஸ்பாரை மஞ்சளாக்கிக் காட்டும் முறை உண்டு. அந்த அமிலம் எலும்புவரை இறங்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்; வீட்டில் நினைத்தும் பார்க்கக் கூடாது.

குவார்ட்ஸ் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிய பட்டையில், காரஃபெல்ஸ்பார் மிகுந்திருந்தால் சயனைட் (நஞ்சான சயனைடு அல்ல), இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் மான்சோனைட், பிளேஜியோகிளேஸ் ஆளும் வலதுகோடியில் டயோரைட், கேப்ரோ, அனார்தோசைட் என மூன்று. 5 முதல் 20 வரையுள்ள பட்டையில் இதே பெயர்களின் முன்னால் குவார்ட்ஸ் என்று சேர்த்துக்கொண்டால் போதும்.

வரைபடத்தின் கீழ் முக்கோணத்தைப் பற்றிப் பலர் கேட்பதில்லை. எனக்கோ அதுதான் பிடித்த பகுதி. குவார்ட்ஸும் நெஃபலினும் ஒரே கல்லில் சேர்ந்து இருப்பதில்லை. நெஃபலின் சிலிக்காப் பசி உடைய கனிமம். குழம்பில் உபரிச் சிலிக்கா இருந்தால் அதை வாங்கிக்கொண்டு சோடியம் ஃபெல்ஸ்பாராக மாறிவிடும். அதனால்தான் இரண்டும் எதிரெதிர் உச்சிகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. இந்த அரிய வகைக்கு வெளிநாட்டு உதாரணம் தேடவேண்டியதில்லை: காங்கேயம் பக்கத்துச் சிவன்மலைப் பகுதியில் நெஃபலின் சயனைட் கிடைக்கிறது. மலையேறி முருகனைக் கும்பிட்டுத் திரும்பும் எத்தனையோ பேர் காலடிக் கல்லைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

டயோரைட், கேப்ரோ, அனார்தோசைட் மூன்றும் வரைபடத்தில் ஒரே மூலையில் விழுவதால், அவற்றைப் பிரிக்க வேறு அளவுகோல் வேண்டும். கருநிறக் கனிமம் 10 சதவீதத்துக்கும் குறைந்து, ஏறக்குறைய முழுக்கப் பிளேஜியோகிளேஸாகவே இருந்தால் அனார்தோசைட். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் உள்ளது உலகறிந்தது. நிலவின் மேட்டுநிலப் பாறையும் இதே இனம் என்பதால், சந்திரயான் திட்டத்தின் சோதனைகளுக்கு நிலவு மண்ணைப்போல் ஒன்றைத் தயாரிக்க அங்குள்ள கல்லை இஸ்ரோ அரைத்துப் பயன்படுத்தியது. மற்ற இரண்டில், பிளேஜியோகிளேஸின் கால்சியப் பங்கு பாதிக்கு மேல் இருந்தால் கேப்ரோ, குறைந்தால் டயோரைட். இதை நுண்ணோக்கி இல்லாமல் சொல்ல முடியாது. கையில் எடுத்துப் பார்க்கிறவர்கள் ஹார்ன்பிளெண்ட் மிகுந்து உப்பும் மிளகும் கலந்தாற்போல் இருப்பதை டயோரைட் என்றும், பைராக்சீன் மிகுந்து கறுத்திருப்பதைக் கேப்ரோ என்றும் சொல்வது வழக்கம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கேப்ரோவுக்குள்ளும் பைராக்சீனின் வகையை வைத்து நோரைட், கேப்ரோநோரைட் என்ற கிளைகள் உண்டு. கருநிறக் கனிமங்கள் 90க்கு மேல் போனால் எண்ணிக்கை ஆலிவினுக்கும் பைராக்சீனுக்கும் இடையே நடக்கும்: ஆலிவின் 40க்கு மேல் என்றால் பெரிடோடைட், 90க்கு மேல் என்றால் டூனைட்.

பள்ளிப் பாடத்தில் படித்த அமிலப் பாறை, காரப் பாறை என்ற பிரிவு எங்கே போயிற்று என்று நினைக்கலாம். அது கனிமத்தை எண்ணாமல், ஆய்வகத்தில் அளந்த சிலிக்காவின் எடைப் பங்கை மட்டும் பார்ப்பது: 63 சதவீதத்துக்கு மேல் அமிலம், பழைய நூல்களில் அந்த எல்லை 66, 52 வரை நடுத்தரம், 45 வரை காரம், அதற்கும் கீழே மிகைக்காரம். கிரானைட்டில் சிலிக்கா 70ஐ ஒட்டியும் கேப்ரோவில் 50ஐ ஒட்டியும் இருக்கும். சிலிக்காவை ஒரு காலத்தில் அமிலமாக எண்ணியதால் வந்த பெயர்கள் இவை. எலுமிச்சைச் சாற்றோடு எந்த உறவும் இல்லை.

இப்போது கடையில் பார்த்த மூன்று கற்கள். முழுக் கறுப்புக் கல் பெரும்பாலும் டோலரைட் அல்லது கேப்ரோ. அதில் குவார்ட்ஸ் இருந்தாலும் பெயருக்குத்தான். எடை ஓரளவு காட்டிக்கொடுக்கும்: 20 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு சதுர அடிப் பலகை, கிரானைட் என்றால் ஏறக்குறைய 4.9 கிலோ, கேப்ரோ என்றால் 5.6 கிலோ. கடையில் வெட்டி எறியும் ஓரத்துண்டை வாங்கிவந்து தராசில் ஒருமுறையும் தண்ணீரில் முக்கி ஒருமுறையும் எடைபோட்டால் அடர்த்தி கிடைத்துவிடும். 2.65ஐ ஒட்டி வந்தால் கிரானைட் பக்கம், 3ஐ ஒட்டி வந்தால் கேப்ரோ பக்கம். கடப்பா கல்லை மெருகேற்றிக் கறுப்புக் கிரானைட் என்று தள்ளிவிடுவதும் உண்டு என்பதால், அதே துண்டின்மேல் எலுமிச்சை மூடியை இரவு கவிழ்த்துவையுங்கள். கடப்பா கல் சுண்ணாம்புக்கல். காலையில் மெருகு போய் வட்டத் தடம் இருக்கும். கேப்ரோவும் டோலரைட்டும் அசையாது. ரசமும் புளிக்குழம்பும் கொட்டும் அடுப்படிக்கு இந்தச் சோதனை அவசியம்.

கேலக்ஸி ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்துச் சீமகுர்த்தியில் எடுக்கப்படுவது. நிலவியலில் அது கேப்ரோநோரைட். பொன்புள்ளியாகத் தெறிப்பது பைராக்சீனின் வெண்கலநிற வகை. காஷ்மீர் ஒயிட்டுக்கும் காஷ்மீருக்கும் தொடர்பில்லை. மதுரைப் பக்கத்துக் கல் அது. குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் நிறைந்திருப்பதால் எண்ணிப் பார்த்தால் கிரானைட்டுக்கு நெருங்கி வரும். ஆனால் அந்தச் சிவப்புப் புள்ளிகள் கார்னெட் என்ற கனிமம். ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய கல்லின் அடையாளம் அது. இதை உருமாறிய பாறை என்பதே முறை. நிறத்தை நம்பி ஏமாறுவதற்கு இன்னொரு நல்ல உதாரணமும் அதே கடைகளில் இருக்கும்: நார்வேயிலிருந்து வரும் புளூ பேர்ல். கருநீலமாகத் தெரிந்தாலும் அதன் பெரும்பகுதி ஃபெல்ஸ்பார்தான். சயனைட், மான்சோனைட் குடும்பத்தைச் சேர்ந்த லார்விகைட்.

கடைசியாக உங்கள் தூண். பச்சை கலந்த சாம்பல், எண்ணெய் மினுக்கு என்ற இரண்டும் சேர்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது சார்னோகைட். உடைந்த புதுமுகத்தில்தான் இந்தப் பச்சை தெரியும். வெயிலும் மழையும் பட்ட வெளித்தோல் வெளுத்துப்போவதால், தூணின் மேற்பரப்பைப் பார்த்துக் கிரானைட் என்று கொத்தனார் சொன்னதில் வியப்பில்லை. கல்கத்தாவில் ஜோப் சார்னோக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக் கல்லும், சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல்லும் ஒன்றே என்று கண்டு, 1893இல் இந்தப் பெயரை வைத்தவர் தாமஸ் ஹாலண்ட். அளவில் பார்த்தால் கிரானைட்டின் கட்டத்திலேயே விழும். ஆனால் பயோட்டைட்டின் இடத்தில் ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன் இருக்கும். ஆகவே வரைபடம் இதற்குத் தனிப் பெயர் வரிசையே வைத்திருக்கிறது: கிரானைட் கட்டத்தில் விழுந்தால் சார்னோகைட், டோனலைட் கட்டத்தில் விழுந்தால் எண்டர்பைட்.

இது குழம்பிலிருந்து நேரே உறைந்த கல்லா, ஏற்கெனவே இருந்த கல் ஆழத்தில் நீரிழந்து உருமாறியதா என்ற வாதம் நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது. இரண்டு வகையும் உண்டு என்பதே என் கணிப்பு. உங்கள் தூணில் மணிகள் திக்கின்றிச் சிதறிக் கிடக்கின்றனவா, ஒரே பக்கம் சாய்ந்து பட்டை பட்டையாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். பட்டை ஓடினால் அது உருமாறிய கல்லின் சாயல். பழுதுபார்க்கும்போது உடைந்த அடிக்குப் பொருத்தும் துண்டை, கடையின் கறுப்புப் பலகையிலிருந்து வெட்டாமல், உடைத்தால் பச்சை காட்டும் கல்லாகவே தேடிப் போடச் சொல்லுங்கள். அறுத்த இடம் ஒன்றிரண்டு மழைக்காலம் பச்சையாகத் தனித்துத் தெரிந்தாலும், வெளுக்கும்போது பழைய தூணோடு சேர்ந்தே வெளுக்கும்.